மாமாவின் கண்ணாடிக்கு ஏற்ற மாஸ்க்

என் அக்காள் புஷ்பவல்லியின் கணவர் தம்புசாமி, முப்பத்தெட்டு வயது வரைக்கும் தமக்குப் பார்வை சரியில்லை என்பதே தெரியாமல் வாழ்ந்தவர். உலகம் எல்லாருக்கும் அப்படித்தான் கலங்கித் தெரியும் என்று நினைத்திருக்கிறார். மலேசியாவில், காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவிக்கொண்டிருந்த வரைக்கும் அவருக்குக் கண் பெரிதாகத் தேவைப்படவும் இல்லை. மரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். நேற்றைய வெட்டு எங்கே முடிந்தது என்று விரல் சொல்லிவிடும். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது வேலை போயிற்று. 1984இல் மேரு பக்கம் ஒரு நாற்காலி ஃபேக்டரியில் சேர்ந்தார். அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. மேற்பார்வையாளர் பக்கிரிசாமி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, சுவரில் எழுதியிருந்த எண்ணைப் படிக்கச் சொன்னார். மாமா சுவரையே தேடிக்கொண்டிருந்தார்.

கிள்ளானில் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். சோடா பாட்டிலின் அடிப்பாகம் போல அப்படி ஒரு தடிமன். பஸ் நிறுத்தத்தில் அவருக்காகக் காத்திருந்த அக்காவை ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டு, கடக்காமல் அப்படியே நின்றுவிட்டாராம். அந்த வாரம் நான் வீட்டுக்குப் போனபோது என்னிடம் அதைத்தான் முதலில் சொன்னார்.

"அந்தப் பக்கத்துலேர்ந்தே உங்கக்கா சிரிக்கிறது தெரியுது ரமணி. இத்தன வருஷமா கிட்ட வந்தாத்தான் சிரிக்கிறான்னு நெனச்சிட்டிருந்தேன்."

அன்றிலிருந்து தூங்கும்போது தவிர அந்தக் கண்ணாடி அவர் முகத்தைவிட்டு இறங்கியதில்லை. அந்தக் கண்ணாடியோடு போட்டுக்கொள்ள ஒரு தூசி மாஸ்க்கைத் தேடி நாங்கள் பட்ட பாடுதான் நான் சொல்ல வந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மாஸ்க் கிடைக்கவில்லையே என்று அல்ல. கிடைத்தது, அருமையாகப் பொருந்தியது.

நான் அப்போது சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். வார நாள்களில் தோழிகளோடு வாடகை அறையில் இருப்பேன். சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்துக் காப்பாருக்குப் போனால் ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும். பாதிக் கோபம் மாமாமேல்தான் வரும், ஏனென்றால் அவர் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு நினைத்ததைத்தான் செய்வார். அக்கா அப்படியில்லை. ஒரு விஷயத்தைப் பிடித்தால் முடிவு காணும்வரை விடமாட்டாள்.

ஃபேக்டரியில் மாமாவுக்கு சாண்டிங் வேலை. ஓடிக்கொண்டே இருக்கும் சாண்ட்பேப்பர் பெல்ட்டில் நாற்காலிக் கால்களை அழுத்திப் பிடித்து வழவழப்பாக்க வேண்டும். எல்லாம் ரப்பர் கட்டை. முன்பு பால் எடுத்த மரத்தையே இப்போது தேய்த்துக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பறக்கிற தூசி மைதா மாவை விட மென்மையாக இருக்கும். சட்டை, புருவம், காது மடல், எல்லா இடத்திலும் போய் உட்காரும். ஃபேக்டரியில் ஒற்றை ரப்பர் நாடா வைத்த காகித மாஸ்க் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மூச்சு விட்டால் மூச்சு நேரே மேலே ஏறிக் கண்ணாடியில் படும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கிளாஸ் போலக் கண்ணாடி வெளுத்துப்போகும். கண்ணாடியைக் கழற்றினாலோ, பெல்ட்டில் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிய வேண்டும். ஒரு நாள் கண்ணாடி மங்கிய நேரத்தில் இடது கட்டைவிரல் பெல்ட்டில் பட்டு நகம் பாதி போயிற்று. அதோடு மாஸ்க்கைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது அவருடைய கைக்குட்டையிலிருந்து. துவைக்க எடுத்தவள் அதை அப்படியே கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள்.

"இது என்னாங்க? மூக்கச் சிந்துனா பலகத்தூள் வருது. வெளிய வர்றதே இவ்ளோன்னா உள்ள எவ்ளோ போயிருக்கும்?"

"மாஸ்க் போட்டா கண்ணு தெரியல புஷ்பா. வெரல் முக்கியமா மூக்கு முக்கியமா, நீயே சொல்லு."

"எனக்கு ரெண்டும் வேணும்," என்றாள் அக்கா.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் அப்பா சிமெண்டு மூட்டை தூக்கியவர். கடைசி ஒரு வருடம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார், படுத்தால் மூச்சு வராது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் அவள். நானும்தான். அதனால் மாமாவின் நெஞ்சில் தூசி போகக்கூடாது என்பது அவளுக்கு வெறும் கவலையாக இல்லாமல் பிடிவாதமாகவே ஆகிவிட்டது.

முதலில், குட்மார்னிங் என்று எழுதிய வெள்ளைக் கைத்துண்டை நனைத்துக் கட்டிவிட்டாள். கண்ணாடி இன்னும் மோசமாக மங்கியது. யாரோ சொன்னார்கள் என்று கண்ணாடியில் சோப்பைத் தடவித் துடைத்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் தாங்கியது, பிறகு வியர்வையில் சோப்புக் கரைந்து கண்ணில் இறங்கிக் கண்ணெல்லாம் சிவந்து வந்தார். அப்புறம் என் தலையில் கை வைத்தாள். எங்கள் ஃபேக்டரியில் எல்லாரும் மாஸ்க் போடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அது எங்கள் நலனுக்காகப் போடுவதில்லை. எங்கள் மூச்சும் எச்சிலும் நாங்கள் செய்கிற மின்னணுச் சில்லில் பட்டுவிடக்கூடாது என்பதற்காகப் போடுவது. சில்லுக்கு அங்கே அவ்வளவு மரியாதை. இரண்டு மாஸ்க் கொண்டுவந்து கொடுத்தேன். துணி மெல்லியது, பக்கமெல்லாம் திறந்து கிடந்தது. மாமா அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்துவிட்டு வந்து கழற்றினால், மூக்குக்குக் கீழே மீசை வெள்ளையாக இருந்தது.

"இது ஒங்கிட்டேர்ந்து சில்லக் காப்பாத்தும், தூசிகிட்டேர்ந்து என்னக் காப்பாத்தாது," என்று சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மூன்று பேருமாகக் கிள்ளானுக்குப் போனோம். பஸ் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு ஹார்ட்வேர் கடை. கடைக்காரச் சீனர், முதலாளி என்கிற அர்த்தத்தில் எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், தமிழர்களோடே பழகிப் பழகித் தமிழை அவர் வசதிக்கு வளைத்துப் பேசுவார். அவர் மேசைமேல் மாஸ்க்குகளை எடுத்துப் போட்டார். மாமா ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கு, எடுத்துக்கலாம்," என்றார். அக்கா விடவில்லை. புடவைக் கடையில் முந்தானையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொன்றையும் அவர் முகத்தில் மாட்டி, மேலே கண்ணாடியையும் போடவைத்து, எதிரில் நின்றுகொண்டாள்.

"மூச்சு விடுங்க."

விட்டார். கண்ணாடி மங்கியது. கழற்றினாள்.

அடுத்தது ரப்பரில் செய்தது, இரண்டு பக்கமும் டப்பா வைத்தது. அது மூக்குமேல் உட்கார்ந்த உயரத்துக்குக் கண்ணாடி புருவத்துக்கு ஏறிவிட்டது. மாமா தலையைக் கீழே சாய்த்துக் கண்ணாடியைத் தேடிய அழகைப் பார்த்துத் தவுக்கே சிரித்துவிட்டார். இன்னொன்று கிண்ணம் போல விறைப்பாக இருந்தது, மூக்கு இடத்தில் கோணிக்கொண்டு நின்றது. கடைசியாக எடுத்ததும் கிண்ண வடிவம்தான். ஆனால் மூக்குமேல் ஒரு சின்ன அலுமினியப் பட்டை, தலைக்குப் பின்னால் மேலொன்று கீழொன்று என்று இரண்டு நாடா. அக்கா அதை மாட்டி, இரண்டு கை விரலாலும் அந்தப் பட்டையை அவர் மூக்கின் இரு பக்கமும் அழுத்தி அழுத்திப் படியவைத்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து மாஸ்க்கின் ஓரத்தின்மேலேயே உட்காரவைத்தாள்.

"மூச்சு விடுங்க."

விட்டார்.

"இன்னும் பலமா."

கண்ணாடி அப்படியே பளிச்சென்று இருந்தது. அதற்குப் பின்னால் மாமாவின் கண்கள் பெரிதாகச் சிரித்தன.

"கண்ணாடி மங்குச்சின்னா மூச்சு மேல ஒழுகுதுன்னு அர்த்தம்," என்று அக்கா எனக்கு விளக்கினாள். "மூச்சு வெளிய போற ஓட்டையிலதான் தூசி உள்ள வரும். கண்ணாடி சுத்தமா இருந்தா நெஞ்சும் சுத்தமா இருக்கும்."

தவுக்கே அவளைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, நீங்க நம்ம கடைக்கு வேலைக்கு வாங்க லா," என்றார்.

ஒரு பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு வந்தோம். திங்கட்கிழமையிலிருந்து மாமா ஃபேக்டரியில் பிரசங்கமே செய்ய ஆரம்பித்துவிட்டார். மாஸ்க்கை முதலில் போட வேண்டும், பட்டையை அழுத்த வேண்டும், அப்புறம்தான் கண்ணாடி. போட்டதும் பலமாக ஊதிப் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டவர், போடாதவர் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொல்லுவார். பக்கிரிசாமி அவருக்கு மாஸ்க் தம்புசாமி என்று பெயர் வைத்தார். மாமாவுக்கு அதில் பெருமைதான்.

இந்த மாஸ்க்குக்காக அக்கா சாமியிடமே பேரம் பேசினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு மாமா வருடா வருடம் தாடி வளர்த்து விரதம் இருப்பவர். அந்த வருடம் தாடி வளர வளர, கண்ணாடி மறுபடியும் மங்க ஆரம்பித்தது. அக்கா அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். மாஸ்க்கின் ஓரம் முடிமேல் நிற்கிறது, தோலில் படியவில்லை. கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் நின்று, "அவருக்குப் பதிலா நான் பால்குடம் எடுக்கறேன் தாயே, அவரு தாடிய எடுத்துடட்டும்," என்று வேண்டிக்கொண்டு வந்து, அன்றைக்கே அவரைச் சவரம் செய்ய அனுப்பினாள். மாமா முணுமுணுத்துக்கொண்டே போனார். அதற்குப்பின் தீமிதி விரதம் அக்காவுடையதாயிற்று.

பால்குடம் எடுப்பதில் அக்காவுக்குச் சிரமம் இருக்கவில்லை. மூச்சு விஷயத்தில் எங்கள் குடும்பத்திலேயே அவள்தான் பலசாலி. அவள் குலவையைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். கரகம் கிளம்பும் நேரத்தில் பெண்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் வாயருகே கையை வைத்து ஆரம்பித்த பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் மூச்சு முடிந்து ஓய்ந்த பிறகும் அவளுடையது மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். உறுமி அடிக்கிறவர் அவள் முடிக்கும்வரை கையை ஓங்கியபடியே காத்திருப்பார். மாமா தீக்குழிக்கு அந்தப் பக்கம் நின்று, "நம்ம புஷ்பாதான்," என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுவார், அவர் கேட்காவிட்டாலும்.

கோலமாவு விவகாரம் ஒரு தீபாவளி சமயத்தில் ஆரம்பித்தது. சாண்டிங் மெஷினுக்கு அடியில் தூசி விழுகிற பையைக் காலி செய்யும்போது, மாமா அதில் ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்காவிடம் நீட்டி, "இதத் தொட்டுப் பாரேன்," என்றார். வெண்ணெய் நிறத்தில் பட்டுப்போல இருந்தது. அக்கா அதில் கொஞ்சம் சிவப்புச் சாயத்தைக் கலந்து காயவைத்தாள். அரிசி மாவைவிடச் சாயம் அழகாகப் பிடித்தது. எறும்பு வரவில்லை, கோழி கொத்தவில்லை, கோடு போட்டால் விரலிலிருந்து நூல்போல இறங்கியது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வாசலில் போட்ட மயில் கோலத்தைப் பார்க்கத் தாமான் குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள்.

அப்புறம் கேட்க வேண்டுமா. எனக்குக் கொஞ்சம், உனக்குக் கொஞ்சம் என்று வரிசையாக வந்து நின்றார்கள். பொங்கல், புத்தாண்டு, கல்யாணம், கோயில் திருவிழா, எதற்கும் அக்காவின் கோலமாவுதான். மாமா பை பையாகக் கொண்டுவந்து கொடுத்தார். மனைவிக்குப் பூ வாங்கி வருகிற ஆளில்லை அவர்; அந்தப் பையைத்தான் மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்து ஆசையாகக் கொண்டுவருவார். அக்கா பின்கட்டு அறையில் உட்கார்ந்து பழைய வேட்டித்துணியில் அதைச் சலிப்பாள், சாயம் கலப்பாள், காய்ந்த பிறகு உதிர்த்து மறுபடி சலிப்பாள். காற்று வந்தால் மாவு பறந்து வீணாகிறது என்று ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்திவிட்டுத்தான் உட்காருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெளியே மழை. அக்கா சலித்துக்கொண்டிருந்தாள். அவள் தாழ்வாக உட்கார்ந்து சலிக்க ஒரு மணைப்பலகை செய்து, மாமா அதே அறையில் அதற்கு சாண்ட்பேப்பர் போட்டுக்கொண்டிருந்தார். மரவேலை என்பதால் ஒழுங்காக மாஸ்க் போட்டு, பட்டையை அழுத்தி, மேலே கண்ணாடி போட்டிருந்தார். பக்கத்தில் அக்காவின் முகம் திறந்து கிடந்தது. புருவமும் மூக்கு முடியும் மஞ்சளாக இருந்தன, அன்றைக்கு மஞ்சள் சாயம். நடுவில் அவள் தலையைத் தூக்கி, "கண்ணாடி மங்குதா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். அவள் திருப்தியாகத் திரும்பச் சலிக்க ஆரம்பித்தாள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நல்ல குடித்தனம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இருமல் முதலில் வந்தது. அடுப்புப் புகை என்றாள். அப்புறம் விடியற்காலையில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். பனி என்றாள். துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்துக் குடித்தாள். மாமா கோடாலித் தைலம் தேய்த்துவிட்டார். வேலை செய்கிறபோது அதிகம் வருகிறதே என்று கேட்டால், மாவு சலிக்க நேரமாகிறது, குனிந்தே இருக்கிறேன், அதனால்தான் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

1990 தீமிதியில் பால்குடத்தோடு ஊர்வலம் போனோம். வழக்கமாக அவள் முன்னால் போவாள், நாங்கள்தான் ஓடிப் பிடிக்க வேண்டும். அன்றைக்குப் பாதி வழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல, நட," என்றாள். குடத்தை இறக்கவில்லை. கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது உதடு வெளுத்திருந்தது. கரகம் கிளம்பியது. பெண்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கையை வாயருகே வைத்து ஆரம்பித்தாள். ஆரம்பித்த உடனே அறுந்துபோயிற்று. மறுபடி ஆரம்பித்தாள். சத்தம் வரவில்லை, காற்று மட்டும் கீச்சென்று வந்தது. உறுமிக்காரர் கையை ஓங்கியபடியே நின்றார். கடைசியில் பின்னாலிருந்து மாரியாயி என்கிற பெண் குலவையை எடுத்துக்கொண்டாள். தீக்குழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஒரு தமிழ் டாக்டர், சின்ன வயதுப் பெண். அக்காவின் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா, பூனை நாய் வளர்க்கிறீர்களா என்று விசாரித்தார். இல்லை என்றோம்.

"ஆன்டி என்ன வேலை செய்றீங்க?"

"வீட்லதாம்மா இருக்கேன்."

"அங்கிள்?"

மாமா இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து புது மாஸ்க்கை எடுத்து மாட்டி, பட்டையை அழுத்தி, கண்ணாடியை மேலே வைத்து, டாக்டருக்கு முன்னால் பலமாக மூச்சு விட்டுக் காட்டினார். "தூசிலே இருக்கிறவன் நான்தான் டாக்டர். எனக்கும் ஒருவாட்டி பாத்துருங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே அவர் நெஞ்சிலும் குழாயை வைத்தார். "உங்க லங்ஸ் ரொம்ப கிளியரா இருக்கு அங்கிள். மாஸ்க் நல்லா வேலை செய்யுது."

"எல்லாம் இவ கண்டுபிடிச்சுக் குடுத்தது," என்றார் மாமா, மாஸ்க்குக்குள்ளிருந்து. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே அவரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். அவள் நெஞ்சில் அப்பாவுக்கு வந்த அதே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். "அப்ப ஆன்டிக்கு எங்கேருந்து வருது? வீட்டுல மரத்தூள் ஏதாச்சும் இருக்கா?"

"தூளெல்லாம் இல்லம்மா," என்றாள் அக்கா. "மாவுதான் இருக்கு."

"என்ன மாவு?"

"கோலமாவு. இவரு ஃபேக்டரிலேர்ந்து கொண்டு வருவாரு, நான் சலிச்சுச் சாயம் போடுவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் மாஸ்க்கைக் கழற்றக்கூட மறந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி துளிகூட மங்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த கண்களை என்னால் பார்க்க முடியவில்லை.

இது ஒன்றினால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இனிமேல் அந்த மாவு வீட்டில் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மருந்தை வாயால் உறிஞ்சுவதற்குப் பம்ப் கொடுத்தார். குறையும், ஆனால் முழுதாகப் பழைய மாதிரி ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றார். அவர் சொன்னது போலவே ஆயிற்று. அதன்பிறகு எத்தனையோ தீமிதிகள் வந்து போய்விட்டன. அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். கரகம் கிளம்பும்போது பெண்கள் பழக்கதோஷத்தில் இன்னமும் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அவள் மாரியாயியைப் பார்த்துக் கையைக் காட்டுவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே மாமா பின்கட்டு அறையில் இருந்த மாவு டின்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டினார். பறக்கக்கூடாது என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சேறு ஓடியது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஃபேக்டரில இருந்தா அது தூசின்னு தெரிஞ்சுது ரமணி. வாசப்படி தாண்டி வந்தா மாவுன்னு நெனச்சிட்டேன்."

அக்கா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "மாஸ்க் போட்டுக்கிட்டு கொட்டுங்களேன்," என்று மூச்சுத் திணறக் கத்தினாள். மாமா மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்தச் சேற்றுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கிள்ளானுக்குக் கிளம்பினார், என்னையும் கூட வரச் சொன்னார். அதே கடை. தவுக்கே அடையாளம் கண்டுகொண்டு, அந்தக் கிண்ண மாஸ்க் பெட்டியைக் கேட்காமலே எடுத்து வைத்தார்.

"எனக்கில்ல. வேற ஆளுக்கு," என்றார் மாமா. "வீடு கூட்டுறப்ப போடணும். துணி ஒதறுறப்ப போடணும்."

"கண்ணாடி போடற ஆளா?"

"இல்ல."

"அப்ப என்னா கஷ்டம்?" தவுக்கே பெட்டியைத் தள்ளிவிட்டார். "கண்ணாடிதான் கஷ்டம் லா. கண்ணாடி இல்லன்னா ஈசி. மூக்குல அழுத்தற பட்டி இருக்குதா பாரு, அவ்ளோதான். எது எடுத்தாலும் சரியா இருக்கும்."

"எது எடுத்தாலுமா?"

"எது எடுத்தாலும்."

மாமா காசைக் கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். அன்று முழுக்க அவரைத் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். மனைவி முகம் கண்ணுக்குத் தெரியவில்லையா, அதற்குத்தானே அந்தச் சோடா பாட்டில் கண்ணாடி என்று கேட்பதாக இருந்தேன். பஸ்ஸில் அவர் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

"எனக்கு ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்து எடுத்தா," என்றார் காப்பார் நெருங்கும்போது. "அவளுக்குத் தேடவே வேண்டியிருந்திருக்காது. ஃபேக்டரி ஆணியில தொங்கிட்டு இருந்ததக் கொண்டாந்து குடுத்திருந்தாக்கூட கொஞ்சம் தடுத்திருக்கும்."

வீட்டில் அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமா அவள் எதிரில் முட்டிபோட்டு உட்கார்ந்து மாஸ்க்கை மாட்டினார். நாடாக்களைக் கொண்டைக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக விட்டார். பட்டையை இரண்டு கை விரலாலும் அவள் மூக்கில் படியவைத்தார்.

"மூச்சு விடு."

விட்டாள். உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம் வந்தது.

"இப்ப எதுக்கு இது? மாவத்தான் கொட்டியாச்சே," என்றாள்.

"இருக்கட்டும். சரியா இருக்கான்னு பாக்கணும்."

"எப்படிப் பாப்பீங்க? நான்தான் கண்ணாடி போடலியே."

அவளுக்கே அது ஒரு கேலிதான். ஆனால் மாமா தம் கண்ணாடியைக் கழற்றினார். பகல் வெளிச்சத்தில் அது இல்லாமல் அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. மூக்கின் இரு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது. கண்ணாடியைத் தடவித் தடவி அக்காவின் காதில் மாட்டி, மாஸ்க்கின் ஓரத்தில் உட்காரவைத்தார்.

"இப்ப விடு. பலமா."

அக்கா தன்னால் முடிந்த அளவுக்குப் பலமாக விட்டாள். அந்தத் தடித்த கண்ணாடி வழியாக அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, கையை நீட்டி அவர் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"மங்குதா?" என்று கேட்டாள்.

மாமா அவள் முகத்துக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தார். கண்களில் நீர் நிறைந்திருந்ததால் அவருக்கும் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இல்ல மாமா," என்றேன். "கண்ணாடி சுத்தமா இருக்கு."